சொல்தா வைத்தி பொறுக்கிக் கொடுத்த புத்தகங்கள்

ராணுவ அதிகாரிகள் வெளிநாட்டுக்குப் போகுமுன் என்னென்ன படிக்க வேண்டும் என்பதைப் பாகூர்க்காரர் ஒருவர் ஏழு வருஷம் தீர்மானித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. முதல் வாரம் நானே சிரித்தவன்தான். அவர் பெயர் வைத்திலிங்கம். பாகூரில் கேட்டால் 'சொல்தா வைத்தி' என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வது. நான் வில்லியனூர் சின்னப்பிள்ளை; அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தவன்.

ஒரு விஷயம் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. உங்களையும் அப்படிக் காக்க வைக்க எனக்கு மனசில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். சைகோனில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ருக்குமணி. தாய் அந்த ஊர்க்காரி, டைபாய்டில் போய்விட்டாள். அங்கே நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில் சிலேட்டும் பலப்பமும் பிள்ளைகளின் பாடப் புத்தகமும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்த பெரியம்மாவிடம் குழந்தை வளர்ந்தது. அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. அவர் செய்த நல்லது கெட்டது எல்லாமே அதற்காகத்தான்.

பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்தது கொஞ்ச நாள். கிராமத்துப் பள்ளியில் பிரெஞ்சு ஒழுங்காகப் படித்திருந்ததால், சைகோனில் அதிகாரிகளின் வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். அங்கே அவர் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எங்கேயும் எழுதி வைக்க மாட்டார். எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். சண்டை முற்றியபோது வாசகசாலை ஆளையும் போர்முனைக்கு அனுப்பலாமா என்று பேச்சு வரும். கர்னல் கேட்பார்: "இவன் போய்விட்டால் எனக்குப் புத்தகம் யார் எடுத்துத் தருவது?" பேச்சு அதோடு நின்றுவிடும். கூடப் போன பாகூர் ஆட்கள் சிலர் நெல்வயல்களில் செத்து விழுந்தார்கள். இவர் தப்பித்தார். நம்மை விட்டால் ஆளில்லை என்று ஆக்கிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது.

ஐம்பத்து நான்கில் தாயாருக்குக் காரியம் செய்ய லீவில் பாகூர் வந்தார். மகளிடம், ஏரியில் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். சைகோன் குழந்தைக்குப் பாகூர் ஏரியில் எப்போது தண்ணீர் வரும் என்று என்ன தெரியும்? பாவம், தலையை ஆட்டியிருக்கும். அந்த நவம்பரில் புதுச்சேரி கைமாறியது. மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தில் மூவர்ணக் கொடி ஏறியது, நாங்கள் எல்லாம் ஆரஞ்சு மிட்டாய் தின்றோம். இவருடைய பட்டாளப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். திரும்பிப் போகக் காகிதம் கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள், "உன் பிரிவே இல்லை, உன்னை எந்தக் கணக்கில் கப்பலேற்றுவது?" என்றார்கள். இந்திய அதிகாரிகள், "புதுச்சேரியைக் கொடுக்கிற ஒப்பந்தம் முழுசாக முடியட்டும், அதுவரை நீ எங்கள் ஆள் இல்லை" என்றார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்க வைத்து இரண்டையும் சாத்தினால் மனுஷன் எங்கே போவான்? பாகூரில் அக்கா காசம்மாள் வீட்டில் உட்கார்ந்து கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வில்லியனூருக்குக் கேப்டன் சாமிநாதன் வந்தார். தஞ்சாவூர்க்காரர், நல்ல மனுஷர். இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருவனைத் தேடி எனக்கே அலுத்துவிட்டது. இந்தோசீனாவில் சண்டை நின்று, அதை மேற்பார்க்க மூன்று நாட்டுக் கமிஷன் போட்டிருந்தார்கள், தலைமை இந்தியா. நம் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். அந்த ஊரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் ஊரில் காலியாகக் கிடந்த ஒரு பங்களாவில் அவர்களை உட்கார வைத்துப் படிக்கச் செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று கேப்டனுக்கு உத்தரவு. கலைந்த பிரெஞ்சுப் படைவீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. பிரெஞ்சும் தமிழும் தெரிந்த, அந்த நாட்டைக் கண்ணால் பார்த்த ஆள் வேண்டும் என்றார்கள். வைத்திலிங்கம் பஸ் ஏறி வந்து நின்றார்.

கேப்டன் அவரிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, பக்கத்து மேசையில்தான் நான் இருந்தேன்.

"ஒரு வருஷம் இங்க நல்லா செய்யுங்க. அப்புறம் உங்களையே அங்க மொழிபெயர்ப்பாளரா அனுப்ப நான் எழுதறேன். ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லணும். அங்க உங்களுக்குச் சொந்தம் யாராவது இருக்காங்களா? இருந்தா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. பாதுகாப்பு விஷயம்."

"யாரும் இல்லீங்க, மொன் கப்பித்தேன்" என்றார் இவர், பட்டாளத்துப் பழக்கத்தில் குதிகாலைச் சேர்த்துக்கொண்டு.

அந்த ஒரு பொய்தான். மகளிடம் போவதற்காக மகளே இல்லை என்று சொன்னார். பிறகு அதை எடுக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பங்களாவில் வேலை செய்பவர்களுக்குக் கடல் கடந்து எந்தக் கடிதம் வந்தாலும் கேப்டன் மேசை வழியாகத்தான் வரும். ஆகவே அவர் கடிதம் எழுதவில்லை. சைகோன் போகிற ஒரு ஜவுளி வியாபாரியிடம், "எனக்குக் கடுதாசி போட வேணாம், நானே வர்றேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவன் சொன்னானோ இல்லையோ.

வேலையை அவர் செய்த அழகைச் சொல்ல வேண்டும். புத்தகங்களை மூன்று குவியலாகப் பிரித்தார். 'படிக்கிறது', 'பொரட்டறது', 'அடுப்புக்கு'. தளபதிகள் எழுதிய தடித்தடியான நினைவுக் குறிப்புகளைக் கூசாமல் மூன்றாவதில் போட்டார்.

"இன்னாண்ணே, ஜெனரல் எழுதுனத அடுப்புல போடுறீங்க?"

"அவுரு தோத்ததுக்கு அவுரே சொல்ற சமாதானம்பா அது. இத்தப் படிச்சிட்டுப் போறவன் தானும் ஒரு சமாதானத்த ரெடி பண்ணிக்கினுதான் போவான்."

கேப்டன் அவற்றை அடுப்பிலிருந்து காப்பாற்றி இரண்டாவது குவியலுக்கு மாற்றினார். அவர் மாற்றியதும் சரிதான். அடுத்த வருஷம் அங்கே வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு குழு அவற்றில் ஒரு புத்தகத்தில் இருந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மேட்டுப் பாதை கண்டுபிடித்துத் தப்பித்தது. வைத்திலிங்கம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மற்றபடி அவர் சொன்னதுதான் பட்டியல். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே, ஏன் படிக்க வேண்டும் என்று 'காரணம்' போட்டாக வேண்டும். அது கேப்டனின் கண்டிப்பு. போர்நிறுத்த ஒப்பந்தம். காரணம்: இரண்டு தரப்பும் உங்களிடம் இதைத்தான் தப்பாகச் சொல்வார்கள். நெல் நடவு, அறுவடைக் கையேடு. காரணம்: வயலில் ஆள் இல்லாத மாதத்தில் வயலில் ஆளைக் கண்டால் கவனிக்க. சாவுச் சடங்குகளைப் பற்றி ஒரு பாதிரியார் எழுதிய சின்னப் புத்தகம். காரணம்: நீங்கள் போகிற வீடுகளில் பாதி, துக்க வீடு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் நம்பராக, அவர் ஒன்றைப் போடச் சொன்னார். குழந்தைகளின் அரிச்சுவடி, வியட்நாம் மொழியில். அதை இங்கே தரக் கூடாது. சைகோன் போய் இறங்கியதும் மாரியம்மன் கோயில் பின்தெருக் கடையில் வாங்க வேண்டும். கடையில் இருக்கிற குழந்தையிடமே முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கக் கேட்க வேண்டும்.

கேப்டன் புருவத்தைத் தூக்கினார். "அரிச்சுவடியா? மேஜர், கர்னல் எல்லாம் போறாங்க வைத்திலிங்கம்."

"அதுக்குத்தானுங்க. அந்தப் பாஷையில கொரல ஏத்தி எறக்குனா அர்த்தமே மாறிப்பூடும். பெரியவங்க கிட்ட கத்துக்கினா, இவுங்க தப்பா சொன்னாலும் மரியாதைக்கு வாய மூடிக்கினு இருப்பாங்கோ. கொழந்த சிரிச்சிரும். சிரிச்சாத்தான் இவுங்களுக்குப் புரியும், நமக்கு ஒண்ணும் தெரியலன்னு."

கேப்டன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அருமை. இதையே காரணமாப் போடுங்க" என்றார். போட்டேன். காரணம் பொய்யில்லை. ஆனால் அதுதான் முழுக் காரணம் என்று நானும் நம்பினேன் பாருங்கள்.

பணி முடிந்து திரும்புகிற அதிகாரிகள் வில்லியனூர் வந்து, படித்ததில் எது உதவியது, எது வீண் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் முதலாகத் திரும்பி வந்தவர் ஒரு சர்தார்ஜி. அறைக்குள் நுழைந்ததும் வைத்திலிங்கத்தைப் பார்த்துக் கையை விரித்து, "பா வே ஞா!" என்றார். அரிச்சுவடியில் முதல் பாடத்தின் முதல் வரியாம். அப்பா வீட்டுக்கு வருகிறார் என்று அர்த்தம். "கடையில் இருந்த பெண் குழந்தை நான் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. முன்பல் இரண்டும் இல்லை" என்றார் சர்தார்ஜி இங்கிலீஷில்.

வைத்திலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க அவருக்குக் காலே தரையில் பாவவில்லை. மாலையில் எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுக்கிற ஆளே அல்ல.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. திரும்பி வருகிற ஒவ்வொருவரும் வாசற்படியில் நின்று "பா வே ஞா" என்பார்கள். மலையாளி ஒரு மாதிரி சொல்வார், வங்காளி ஒரு மாதிரி சொல்வார். இவர் அந்த வரியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். கடை எப்படி இருக்கிறது, பிள்ளை வளர்ந்துவிட்டதா என்று சும்மா விசாரிப்பதுபோல விசாரிப்பார். பல் முளைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். சடை போட்டிருக்கிறாள் என்று இன்னொருவர். இப்போது கடையை அவள்தான் பார்க்கிறாள், பெரியம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று வேறொருவர். இப்படியே அந்தக் குழந்தை வளர்ந்தது. ஊரான் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், பெற்றவனைத் தவிர.

ஒரு வருஷம் முடிந்ததும் அவர் கேட்டார். கேப்டன் அவர் தோளில் கை போட்டு, "நீங்க போயிட்டா இங்க யாரு? எந்தப் புத்தகம் எங்க இருக்குன்னு உங்களைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். மறு வருஷமும் அதே பதில். சைகோனில் எந்தத் தந்திரம் அவர் உயிரைக் காப்பாற்றியதோ, அதையே இங்கேயும் செய்து, தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

இது அவருக்கே ஒரு நாள் உறைத்தது. என்னை உட்கார வைத்தார். "சின்னப்புள்ள, இனிமே எல்லாத்தையும் எழுதிக்க. நான் செத்துப்பூட்டா இன்னா பண்ணுவீங்கோ?" என்று ஆரம்பித்தார். அலமாரி அலமாரியாகச் சொன்னார். எந்த அதிகாரிக்கு எதை முதலில் கொடுப்பது, படிக்கப் பிடிக்காதவனை எதைக் காட்டி இழுப்பது, படித்துவிட்டேன் என்று புளுகுகிறவனை எந்தக் கேள்வி கேட்டுப் பிடிப்பது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். நான் ஓரளவு தேறியதும் கேப்டனிடம் போய், "நான் இல்லாட்டியும் இது ஓடும்" என்றார். கேப்டனும் மனசார மேலே எழுதினார். பதில் வந்தது: கமிஷனில் மொழிபெயர்ப்பாளர் இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். புதுச்சேரி ஒப்பந்தம் பிரான்சின் பார்லிமெண்டில் நிறைவேறி முடியும் வரை எங்கள் ஊர்க்காரன் எவனும் இந்தியப் பிரஜை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாகூர் போனால் அக்கா காசம்மாள் பிடித்துக்கொள்வாள். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னாடா வைத்தி, ஊர்ல பொண்ணே இல்லாத மாதிரி குந்திகினு கீற? அரியாங்குப்பத்துல ஒரு எடம் வந்துகீது. நல்ல பொண்ணு."

"வேணாங்க்கா. நான் எப்ப வேணாலும் கெளம்பிப்பூடுவேன்."

"எங்கடா கெளம்புற? ஏழு வருசமா இதே பேச்சு! வில்லியனூரத் தாண்டி ஒரு அடி வெச்சிருக்கியா நீ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கு அந்த அம்மாள் மேல்தான் கோபம் வந்தது. விஷயம் தெரியாத கோபம்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஒருவழியாக ஒப்பந்தம் முடிந்தது. மேஜராகியிருந்த நம் சாமிநாதன் அன்றைக்கே சிபாரிசை எழுதினார். நவம்பரில் போகிற கூட்டத்தோடு வைத்திலிங்கமும் போகலாம் என்று உத்தரவு வந்தது. மனுஷர் பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி வாங்கினார். அக்கா அதிரசம் சுட்டுப் போட்டாள். பெட்டிக்குள் ஒரு பாவாடைத் துணியும் இருந்ததை நான் பார்த்தேன். யாருக்கு என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க வூட்டுப் புள்ளைக்கு" என்றார். அளவு தெரியாமல் ஐந்து கஜம் வாங்கியிருந்தார்.

அக்டோபரில் வடக்கே சீனாக்காரனோடு சண்டை வந்துவிட்டது. அதிகாரிகளை எல்லாம் பனிமலைக்கு அழைத்தார்கள். மேஜருக்கும் உத்தரவு வந்தது. நவம்பர் கூட்டம் ரத்து; மொழிபெயர்ப்பாளர் நியமனம் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தம்; பங்களாவைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். பட்டியலை மட்டும் சுத்தமாக ஒரு பிரதி எடுத்து டெல்லிக்கு அனுப்பச் சொன்னார்கள், இனிமேல் அங்கிருந்து போகிறவர்களுக்கு உதவும் என்று.

பூட்டுகிற வாரத்தில்தான் மதுரைக்காரர் ஒரு லெப்டினன்ட் சைகோனிலிருந்து திரும்பி வந்தார். மேஜர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வைத்திலிங்கம் வழக்கம்போல வாசலைப் பார்த்து நின்றார், அந்த வரிக்காக. லெப்டினன்ட் அதைச் சொல்லவில்லை. பையிலிருந்து அரிச்சுவடியை எடுத்து மேசையில் வைத்தார். முதல் தாளைக் காணோம். கிழித்த தடம் தெரிந்தது.

"சார், லிஸ்ட்ல முதல் நம்பரை மொதல்ல எடுத்துடுங்க" என்றார். "எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. அந்தக் கடையில இருக்கறது இப்ப குழந்தை இல்ல, பதினாலு பதினஞ்சு வயசுப் பொண்ணு. நான் போய் முதல் பாடம் சொல்லிக் குடும்மான்னு கேட்டதும், என் கண்ணு முன்னாலயே அந்தத் தாளைக் கிழிச்சிருச்சு. 'உங்க ஆளுங்க ஒருத்தர் பாக்கியில்லாம வந்து என்னை இந்த வரியைத்தான் சொல்லச் சொல்றாங்க. அப்பா வீட்டுக்கு வருகிறார், அப்பா வீட்டுக்கு வருகிறார். சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். எங்க அப்பா வரல. இனிமே கேக்காதீங்க'ன்னு அழுதுருச்சு சார். யாரு இப்படி எழுதி அனுப்பறதுன்னு கேட்டுச்சு."

மேஜர் நிமிர்ந்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? ஆபீஸ்ல யாரோ ஒருத்தர்னு சொன்னேன்."

மேஜர், "ஐயோ பாவம், அப்பா இல்லாத பொண்ணுன்னு நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் பூட்டிய வாய் எப்படித் திறக்கும்? குதிகாலைச் சேர்த்து நின்று, "ஆமாங்க, தெரியாமப்பூட்டுது" என்றார்.

எல்லாரும் போன பிறகு, காலியான அலமாரிகளுக்கு நடுவில் நான் மெஷினில் தாளைச் சொருகினேன். அப்போதுதான் சொன்னார். மகள் பெயரை முதலில் சொன்னார், பிறகு மற்றதை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"இப்பவாவது மேஜர் கிட்ட சொல்லுங்கண்ணே! இன்னும் புதுச்சேரியிலதான் கீறாரு. ஓடிப்போய் சொல்லிட்டு வர்றேன்."

"இன்னா சொல்லுவ? பொய் சொன்னவன்னு சொல்லுவியா? அப்பால மறு உத்தரவு வந்தாகூட என்ன அனுப்ப மாட்டாங்க. இருக்குற ஒரு வழியும் பூடும். வுடு." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "அவ மொகத்த ஒருத்தனாவது பாத்துட்டு வந்து சொல்லட்டும்னுதான்பா அப்பிடி எழுதுனேன். அவள அந்த வரியச் சொல்ல வெக்கிறேன்னு எனக்குத் தோணவேயில்ல."

அழுதார். பட்டாளத்து ஆள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் அழுதேன், வெட்கமென்ன.

"நம்பர் ஒண்ண எடுத்துடட்டுமாண்ணே?"

"எடுக்காத. எடுத்துட்டா அந்தக் கடைக்கு எவனும் போக மாட்டான். அடி: சிறுவர் அரிச்சுவடி. மாரியம்மன் கோயில் பின்தெருக் கடையில் வாங்கவும்." அடித்தேன். பிறகு சொன்னார்: "அதுக்குக் கீழ அடி. முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்படி கடைக்காரரைக் கேட்க வேண்டாம்."

அடித்தேன். பழக்க தோஷம், விரல் தானாக அடுத்த வரிக்குப் போய் 'காரணம்' என்று அடித்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அத்த வெறுமையா வுடு தம்பி. நான் நேர்ல போய் சொல்லிக்கிறேன்."

விட்டேன். அப்படியேதான் அது டெல்லிக்குப் போனது. மறு உத்தரவு வரவில்லை.